மாமனார் விட்டுச் சென்ற ரைபிள்: அந்த 2.222 என்ன எண்?

கேள்வி: நான் மதுரைப் பக்கம் பிறந்தவள். திருமணத்துக்குப் பின் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்துத் தண்டர் பே நகரில் இருக்கிறேன். கணவரின் குடும்பம் பின்லாந்திலிருந்து வந்து குடியேறியது. மாமனார் காட்டில் மரம் வெட்டியவர், மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடியவர். மார்ச் மாதம் காலமானார். அவருடைய ரைபிளை மாமியார் என்னிடம் கொடுத்துவிட்டார். என்னைப் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பி உரிமம் எடுக்கவைத்ததே மாமனார்தான். இது பழைய ராணுவத் துப்பாக்கி என்றும், மாமனாரின் அண்ணன் இரண்டாம் உலகப் போரிலிருந்து கொண்டுவந்தது என்றும் வீட்டில் சொல்வார்கள். மாமியார் மட்டும் ஒருமுறை, ‘எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது’ என்றார்; அவர்களுக்குத் திருமணம் நடந்தது 1957இல். முன்பக்க மரத்தைப் பாதியில் வெட்டியிருக்கிறார்கள். குழலின் மேல் ‘2.222’ என்றும் ‘18.5 டன்’ என்றும் இருக்கிறது. உள்ளே பார்த்தால் இரண்டே கோடுகள்தான் தெரிகின்றன, தேய்ந்துவிட்டதா? கொழுந்தனார், பழைய ராணுவ மரத்தை வாங்கிப் பொருத்தி விற்றால் நல்ல விலை போகும் என்கிறார். என் அப்பா தமிழ்நாடு காவல்துறையில் தலைமைக் காவலராக இருந்தவர். அவர் சொல்லும் ‘த்ரீ நாட் த்ரீ’ இதுதானா? படங்கள் இணைத்துள்ளேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நீங்கள் எடுத்த படங்களில் ஒவ்வொரு பொறிப்பும் எழும்பித் தெரிகிறது. அதைவிட முக்கியம், துடைக்காமல், சுரண்டாமல், இருந்தது இருந்தபடியே எடுத்திருக்கிறீர்கள். துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழில் கற்றுக்கொண்டிருந்த நாட்களில், தந்தையின் ரைபிளைப் ‘புதிது போல ஆக்கித் தாருங்கள்’ என்று கொண்டுவந்த ஒருவருக்காக நான் அதை மெருகேற்றும் சக்கரத்தில் பிடித்தேன். பளபளவென்று வந்தது. ஆனால் அந்தத் துப்பாக்கி எங்கே பிறந்தது, யார் கையில் இருந்தது என்று சொல்லக்கூடிய எழுத்துகள் எல்லாம் அந்த அரைமணி நேரத்தில் போய்விட்டன. முப்பது ஆண்டுகள் ஆகியும் அந்த வருத்தம் எனக்குத் தீரவில்லை. ஆகவே இந்தப் பதிலை முழுவதும் படித்து முடிக்கும் வரை உப்புத்தாளோ கம்பித்தூரிகையோ அதன் பக்கமே போக வேண்டாம்.

இது லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைபிள். இதில் எனக்கு ஐயமே இல்லை. உங்கள் மூன்றாவது படத்தைப் பாருங்கள். கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினால் குழலின் பின்வாயைத் திறந்து மூடும் உருளைதான் போல்ட்; அது முன்னும் பின்னும் ஓடுகிற எஃகு உடலை நாங்கள் ரிசீவர் என்போம். அதன் இடப்பக்கச் சுவர் தட்டையாக இருக்கிறது. அந்தச் சுவரில் ‘நம்பர் 4 மார்க் 1’ என்று எழுதி, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். அதன் கீழே ‘லாங் பிராஞ்ச்’, 1943. வெளிச்சம் குறைந்த படத்தில், ‘சி’ என்ற ஆங்கில எழுத்தின் வயிற்றுக்குள் மேல்நோக்கிய அம்பு ஒன்றும் தெரிகிறது. அது கனடா அரசின் உடைமை என்பதற்கான முத்திரை.

லாங் பிராஞ்ச் என்பது டொராண்டோவின் மேற்கு ஓரத்தில், ஒண்டாரியோ ஏரிக்கரையில் உள்ள இடம். போர்க்காலத்தில் ‘ஸ்மால் ஆர்ம்ஸ் லிமிடெட்’ என்ற அரசு நிறுவனம் அங்கே ஆலை அமைத்து, 1941 முதல் இந்த ரைபிள்களைச் செய்தது. போர் முடிவதற்குள் ஒன்பது லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். ஆலை முழுவேகத்தில் ஓடிய காலத்தில் அங்கே வேலை செய்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். உங்கள் கையில் இருக்கும் எஃகைக் கடைந்ததும் அளந்ததும் பெரும்பாலும் பெண்களின் கைகளாகவே இருந்திருக்கும். ஆலையின் சோதனைக் கட்டடம் மட்டும் மிசிசாகாவில் இன்றும் நிற்கிறது. இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அந்தப் பக்கம் போனால் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

அந்த நட்சத்திரத்துக்கும் பொருள் உண்டு. பிரிட்டனில் செய்த நம்பர் 4 ரைபிளில் போல்ட்டைக் கழற்ற ஒரு சிறு தாழ்ப்பாளை அழுத்த வேண்டும். போர் அவசரத்தில் வட அமெரிக்க ஆலைகள் அந்தத் தாழ்ப்பாளை விட்டுவிட்டு, வலப்பக்க ஓடுபாதையில் ஒரு வெட்டு மட்டும் போட்டன. போல்ட்டின் தலை அந்த வெட்டுக்கு நேராக வரும்போது மேலே தூக்கினால் கழன்றுவிடும். செலவும் நேரமும் மிச்சம். ஆனால் பல ஆண்டுகள் ஓடியபின் வெட்டின் விளிம்பு சிதைந்தால், வேகமாக இழுக்கும்போது போல்ட்டின் தலை தானாகவே பாதையை விட்டு எகிறும். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோகும்போது இந்த இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

இரண்டு கோடுகளுக்கு வருகிறேன். தேயவில்லை, கவலை வேண்டாம். குண்டு சுழன்று செல்வதற்காகக் குழலுக்குள் திருகலாக வெட்டும் பள்ளங்கள்தான் நீங்கள் பார்த்தவை. லீ-என்ஃபீல்டில் வழக்கமாக ஐந்து பள்ளம் இருக்கும். ஐந்து வெட்டுகிற நேரத்தில் இரண்டு வெட்டினால் குழல் சீக்கிரம் முடியும் என்பதால், போர் நடுவே இரண்டு பள்ளக் குழல்களுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். லாங் பிராஞ்சும், அமெரிக்காவில் இதே ரைபிளைச் செய்த சாவேஜ் நிறுவனமும் அவற்றை ஏராளமாகச் செய்தன. நன்றாகவே சுடும். 1943ஆம் ஆண்டு ரைபிளில் இரண்டு பள்ளக் குழல் இருப்பது பொருத்தமே. பின்பக்கக் குறிபார்க்கும் துளையும் அப்படித்தான்: 300 கஜத்துக்கு ஒன்று, 600 கஜத்துக்கு ஒன்று என்று மடக்கித் திருப்புகிற எளிய தகடு. அதுவும் போர்க்காலச் சிக்கனம்.

இனி, உங்கள் குடும்பக் கதையைத் தொடுகிற பகுதி. 2.222, சீரியல் எண் அல்ல. இந்த ரைபிள் சுடும் .303 (‘த்ரீ நாட் த்ரீ’) தோட்டாவின் பித்தளைக் கூட்டின் நீளம் அது, அங்குலத்தில். 18.5 டன், துப்பாக்கியின் எடையும் அல்ல. ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்று தோட்டாவின் அழுத்தத்தைக் குறிப்பது. பக்கத்தில் ஒரு கிரீடமும் அதன் கீழ் ‘பி.என்.பி.’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் இருக்கின்றனவே, அவற்றைத்தான் நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை குத்தும் கூடம் ஒன்று உண்டு. அங்கே துப்பாக்கியில் வழக்கத்தைவிடக் கடுமையான தோட்டாவைச் சுட்டுப் பார்த்துத் தேறினால்தான் பொதுமக்களுக்கு விற்கலாம். அந்தக் கூடத்தின் முத்திரை இது. ராணுவக் கிடங்கிலிருந்து உபரியாகக் கழிக்கப்பட்ட ரைபிள் வணிகர் கைக்கு வரும்போது குத்தப்படுவது. இந்த வடிவ முத்திரை 1954ஆம் ஆண்டு விதிகளோடு வந்தது.

அப்படியென்றால் இந்த ரைபிளின் பயணம் ஓரளவு தெளிவாகிறது. 1943இல் டொராண்டோ ஓரத்தில் பிறந்தது. கடல் கடந்து பிரிட்டன் போனது. போர் முடிந்து கிடங்கில் கிடந்தது. 1950களின் நடுவிலோ அதற்குப் பிறகோ பர்மிங்காமில் முத்திரை வாங்கி, வணிகச் சரக்காக மறுபடியும் அட்லாண்டிக்கைக் கடந்து கனடாவுக்கே வந்தது. போர்வீரர் ஒருவர் தன்னோடு வீட்டுக்குக் கொண்டுவந்த துப்பாக்கியில் இந்த முத்திரை இருக்க வழியில்லை. மேலும், படையில் கொடுத்த ரைபிளை வீரர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீடு போனார்கள்.

மாமனாரின் அண்ணன் போருக்குப் போனது உண்மையாகவே இருக்கலாம். அவர் கையில் இதே வகை ரைபிள் இருந்திருக்கவும் கூடும். ஆனால் இந்த ரைபிள் அவர் கொண்டுவந்தது அல்ல. மாமியார் சொன்னதுதான் சரி. குடும்பத்தில் அவர் ஒருவர் சொல்லை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை என்று தோன்றுகிறது. தயவுசெய்து இதை அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

கதை மாறியதால் துப்பாக்கியின் மதிப்பு எனக்குக் குறையவில்லை. 1950களிலும் 60களிலும் இந்த உபரி ரைபிள்கள் கனடாவில் கடைகளிலும் அஞ்சல்வழி விற்பனையிலும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. புது வேட்டை ரைபிள் வாங்க முடியாத விவசாயிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் மரம் வெட்டிகளும் இவற்றைத்தான் வாங்கினார்கள். போருக்கென்று குழலின் நுனி வரை போர்த்தியிருந்த மரம் காட்டில் வீண் சுமை. அதை வெட்டி எறிந்தார்கள். இப்படி மாற்றியதை ‘ஸ்போர்ட்டர்’ என்பார்கள். பர்மிங்காமின் பார்க்கர்-ஹேல் போன்ற நிறுவனங்கள் ஆலையிலேயே அழகாக மாற்றியும் விற்றன. உங்களுடையது அந்த வகை அல்ல. ஆலையில் மாற்றியிருந்தால் இரு பக்க வளைவும் அச்சில் வார்த்தது போல ஒத்திருக்கும். நிறுவனத்தின் பெயரும் எங்காவது இருக்கும். இங்கே முன்கட்டையின் நுனியில் அரத்தின் தடம் தெரிகிறது. இடப்பக்க வளைவு வலப்பக்கத்தைவிட ஒரு நூல் ஆழம். நுனியில் பதித்திருக்கும் வெளிர்நிறத் துண்டு மரம் அல்ல, மூஸ் கொம்பு. அதன் துளைகளைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். அதை மரத்தோடு பொருத்திய இடத்தில் ஒரு தாள்கூட நுழையாது போலிருக்கிறது. மரத்தோடே வாழ்ந்த ஒருவர் குளிர்கால இரவுகளில் உட்கார்ந்து செய்த வேலை இது. பிற்பாடு யாராவது உங்களிடம் இதை ‘கெடுத்துவிட்ட ராணுவத் துப்பாக்கி’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கொழுந்தனாரின் யோசனை முடியாத காரியம் அல்ல. குழலை வெட்டவில்லை. நீங்கள் அளந்த 25 அங்குலச் சொச்சம், ஆலை வைத்த 25.2 அங்குலமே. நுனியில் பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் காதுகள் அப்படியே இருக்கின்றன. தொலைநோக்கி பொருத்த ரிசீவரில் ஒரு துளைகூடப் போடவில்லை. வெட்டுப்பட்டது மரம் மட்டும்தான். எனவே ராணுவ மரத்தைத் தேடிப் பிடித்துப் பொருத்தலாம். ஆனால் நல்ல மரமும் வளையங்களும் வாங்கும் செலவைக் கழித்தால் மிஞ்சுவது அற்பம். சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது எண்கள் ஒத்திருக்கின்றனவா என்பதைத்தான். உங்கள் ரைபிளில் அவை ஒத்திருக்கவில்லை. அதைக் கீழே சொல்கிறேன். கொம்பு பதித்த அந்தக் கட்டையைக் கழற்றிவிட்டுச் சந்தைக்கு ஒன்றை உண்டாக்குவது எனக்குச் சம்மதமில்லை. பிள்ளைகள் நாளைக்குக் கேட்டால் காட்ட என்ன இருக்கும்? குறிபார்த்துச் சுடுவோருக்கென்று செய்த அரிய வகையாக இருந்தால் வேறு பேச்சு. அதற்கு இடப்பக்கம் தொலைநோக்கி தாங்கும் இரண்டு மேடைகளும் ‘டி’ என்ற எழுத்தும் இருக்கும். உங்கள் படங்களில் இரண்டும் இல்லை.

எண்கள் விஷயம். ரைபிளின் எண் இடப்பக்கம், பின்கட்டை வந்து சேரும் இரும்புக் கழுத்தில் இருக்கிறது: முதலில் இரண்டு இலக்கம், நடுவே ‘எல்’ என்ற எழுத்து, பிறகு மற்ற இலக்கங்கள். (முழு எண்ணை இங்கே அச்சிடவில்லை, நீங்களும் யாருக்கும் படமாக அனுப்ப வேண்டாம்.) ‘எல்’ என்றால் லாங் பிராஞ்ச். போல்ட்டின் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள எண்ணிலோ நடுவே ‘சி’ இருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சிக்கப்பீ ஃபால்ஸ் என்ற ஊரில்தான் சாவேஜ் இந்த ரைபிள்களைச் செய்தது. அந்த ஊரின் முதலெழுத்து அது. ஆக, ரைபிள் கனடா, போல்ட் அமெரிக்கா. ராணுவப் பட்டறையில் போல்ட்டை மாற்றினால் பழைய எண்ணை அழித்துவிட்டு ரைபிளின் எண்ணைப் பொறிப்பார்கள். இங்கே அப்படிச் செய்யவில்லை. கிடங்கிலோ வணிகர் பெட்டியிலோ கைக்கு வந்த போல்ட்டைச் செருகி அனுப்பிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இது வெறும் சேகரிப்பாளர் கவலை அல்ல. போல்ட்டை மூடியபின் தோட்டாவின் விளிம்புக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பது மயிரிழைக் கணக்கு. எங்கள் தொழிலில் ஹெட்ஸ்பேஸ் என்போம். .303 தோட்டாவுக்கு 0.064 அங்குல அளவுக்கட்டை வைத்தால் போல்ட் மூட வேண்டும்; 0.074 வைத்தால் மூடக்கூடாது. இடம் கூடிப்போனால் சுடும்போது பித்தளைக் கூடு கிழிந்து, சூடான வாயு முகத்தை நோக்கிப் பின்னால் வரும். ஒவ்வொரு ரைபிளுக்கும் அதன் போல்ட்டைப் பொருத்திப் பார்த்தே ஆலையில் அனுப்பினார்கள். நம்பர் 4இல் ஒரு நல்ல ஏற்பாடு: போல்ட்டின் தலை தனியாகக் கழலும்; 0, 1, 2, 3 என்று படிப்படியாக நீளம் கூடும் தலைகள் உண்டு. இடம் அதிகமாக இருந்தால் தலையை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மாமனார் இத்தனை ஆண்டுகள் சுட்டாரே என்று எண்ண வேண்டாம். அளந்து பார்க்கும் வரை நீங்கள் ஒரு தோட்டாவும் சுடக்கூடாது. இதில் மட்டும் நான் கண்டிப்பானவன்.

உங்கள் படத்தில் தெரியும் பெட்டியில் இருக்கும் தோட்டாக்களில், அடியில் ரோமன் எண்ணில் ஏழு என்று பொறித்தவை பழைய ராணுவச் சரக்கு. அந்தக் காலத்து ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பற்றவைக்கும் மருந்து குழலுக்குள் உப்பை விட்டுச் செல்லும். உப்பு ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். அவற்றைச் சுடாமல் காவல்துறையிடம் ஒப்படையுங்கள். .303 தோட்டா இன்றும் புதிதாகக் கடையில் கிடைக்கிறது. கனடாவின் வடக்கே காவல் பணி செய்யும் ரேஞ்சர் படையினர், 1947 முதல் 2010களின் இறுதி வரை இந்த நம்பர் 4 ரைபிளைத்தான் சுமந்தார்கள். அப்போதுதான் புது ரைபிள் வந்தது. இத்தனை காலம் இதைக் கைவிடாததற்கு, உறைபனியிலும் போல்ட் சிக்காமல் ஓடும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: உங்களிடம் உரிமம் இருக்கிறது. ஒண்டாரியோவில் இந்த வகை நீள் துப்பாக்கிக்கு இப்போது தனிப் பதிவு கிடையாது. ஆனால் உரிமைமாற்றத்துக்கு, உங்கள் உரிமம் செல்லும் என்று கனடாவின் துப்பாக்கிப் பதிவாளர் அலுவலகம் தரும் குறிப்பெண் வேண்டும். 2022 மே மாதம் முதல் இது கட்டாயம். உயில் வேலைகளைக் கவனிப்பவரிடம் சொல்லி முடித்துவிடுங்கள். அதுவரை தோட்டா இல்லாமல், விசைப் பூட்டுப் போட்டு, தோட்டாவைத் தனியே வையுங்கள். கொழுந்தனாருக்கு இன்னொரு செய்தியும் சொல்லுங்கள்: ‘தூக்க எளிதாக இருக்கும்’ என்று யாராவது குழலை 457 மில்லிமீட்டருக்குக் கீழே அறுத்தால், அந்த நிமிடமே அது தடைசெய்யப்பட்ட ஆயுதம் ஆகிவிடும்.

உங்கள் தந்தை சொன்ன ‘த்ரீ நாட் த்ரீ’ இதற்கு அண்ணன் முறை. இந்தியக் காவல்துறையில் பல பத்தாண்டுகள் இருந்தது இதற்கு முந்தைய வடிவம். அது பெரும்பாலும் வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் உள்ள இஷாப்பூர் ஆலையில் செய்தது. தோட்டா ஒன்றே, உருவம் வேறு. அதன் மூக்கு மழுங்கி, குழல் நுனியோடு மட்டமாக முடியும். இதில் குழல் கொஞ்சம் வெளியே நீண்டிருக்கும். அதன் பின்குறி குழலின் மேல் இருக்கும். இதில் கண்ணுக்கு அருகில். தந்தை ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுட்டதாகச் சொல்லியிருந்தால், அது ‘410 மஸ்கட்’ ஆகவும் இருக்கலாம். அதே .303 ரைபிளை உள்ளே பள்ளம் இல்லாத வழவழப்பான குழலாக்கி, தோட்டாக்களை அடுக்கும் மேகசின் இடத்தில் மரத்துண்டை வைத்து அடைத்துக் காவலர்களுக்குக் கொடுத்தார்கள். தந்தையிடம் கேட்டுப் பாருங்கள். மேகசின் இருந்ததா, மரம் இருந்ததா என்பது அவருக்கு நிச்சயம் நினைவிருக்கும்.

மரத்தைப் பராமரிக்க ஆளிவிதை எண்ணெய் போதும். துணியில் நாலு சொட்டு விட்டு, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். வார்னிஷ் கூடாது. பின்கட்டையின் அடித்தட்டில் ஒரு சிறு மூடி இருக்கும், அழுத்தினால் திறக்கும். எண்ணெய்க் குப்பியும் குழல் துடைக்கும் கயிறும் வைக்கிற இடம் அது. வேட்டைக்காரர்கள் அதில் வேறு சில பொருள்களையும் வைப்பதுண்டு. நீங்கள் அதைத் திறந்ததாக எழுதவில்லை. அதே பின்கட்டையின் அடியில் வரிசையாக அடித்திருக்கும் பதினொரு சிறு பித்தளை ஆணிகள் ஆலை அடித்தவை அல்ல. மாமியாரோடு உட்கார்ந்து மூடியைத் திறக்கும்போது, அந்த ஆணிகளைப் பற்றியும் கேட்டு எழுதி வையுங்கள்.

கடைசியாக எனக்கு ஒரு படம் வேண்டும். பர்மிங்காம் கூடத்தில் குழலுக்கு மட்டுமல்ல, போல்ட்டுக்கும் முத்திரை குத்துவது வழக்கம். போல்ட்டைக் கழற்றி, கைப்பிடி தொடங்குகிற இடத்தையும் அதன் உருளையையும் சுற்றிலும் பாருங்கள். சிறிய கிரீடம் தெரிந்தால், அந்த அமெரிக்க போல்ட் அங்கேயே இந்த ரைபிளோடு சேர்ந்துவிட்டது, கடும் சோதனையையும் இரண்டும் சேர்ந்தே தாங்கின என்று கொள்ளலாம். கிரீடம் இல்லையென்றால் இங்கே வந்தபிறகு யாரோ மாற்றியிருக்கலாம். கிரீடம் இருந்தாலும் அளவுக்கட்டை வைத்து அளந்தே ஆக வேண்டும். தலையில் 0 முதல் 3 வரை எந்த எண் இருக்கிறது என்பதையும் அதே படத்தில் காட்டுங்கள்.